வெரோனாவில் ஓர் இடம்

அக்ரோலிம்னி
4 ஜூலை 2023

ஸ்மரோ,

என் எண்ணை நீ ப்ளாக் செய்துவிட்டாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் க்ளியோ அத்தையைக் கெஞ்சி உன் ஓட்டல் முகவரியை வாங்கினேன். காகிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம், அது உன் இஷ்டம்.

வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. நீ கோடைச் சம்பளத்துக்காகத் தீவுக்குப் போயிருக்கிறாய் என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா வழக்கம்போல விடியற்காலை பஸ்ஸைத் தெசலோனிக்கிக்கு எடுத்துக்கொண்டு போகிறார், இருட்டியதும் வந்து செய்தி பார்த்தபடியே நாற்காலியில் தூங்கிப்போகிறார். தங்கைக்கும் அண்ணனுக்கும் என்ன நடந்தது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீ கோபப்பட்டுப் போனதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் செய்ததற்குக் காரணம் இருக்கிறது, அதையும் நீ ஒரு முறை முழுக்கக் கேட்க வேண்டும். போன வருஷம் அந்தச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய அன்று நீ டிவி முன்னால் உட்கார்ந்து கைதட்டினாய். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டம் கொடுக்கலாம். மாணவர்கள் விரும்பினால் வேறு துறையில் பாடம் எடுக்கலாம், அரை வருஷம் வேறு ஊரிலேயே போய்ப் படிக்கலாம். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கங்களை வாசிக்கும் வரை எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு துறையில் உட்கார்ந்து படிக்கிறவர்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால், அந்தத் துறையைப் பெரிய நகரத்துத் துறையோடு சேர்த்துவிடலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றால் ஜனவரி மாதத்துப் பனியில் அக்ரோலிம்னியில் யார் உட்கார்ந்திருப்பார்கள், சொல். இந்த ஊரில் இருப்பது ஓர் ஏரி, ஒரு பஸ் நிலையம், நம் நன்னீர் மீனியல் துறை. துறை போனால் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், காப்பிக்கடைக்காரர்கள், ஜெராக்ஸ் கடை ஹரிதோஸ், கடைசியில் அப்பாவின் பஸ் வரை எல்லாம் போகும்.

இத்தாலியில் வெரோனா பல்கலைக்கழகத்தோடு நம் துறை போட்ட ஒப்பந்தம்தான் இங்கே அந்தச் சட்டத்தின் முதல் காலடி. அதை ரத்து செய்யும் வரை கட்டடத்தைப் பூட்டுவது என்று மாணவர் பேரவை முடிவெடுத்தது. நான் தனியாக எடுத்த முடிவல்ல. தேர்வு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். செப்டம்பரில் எழுது, அடுத்த வருஷம் வெரோனாவுக்குப் போ. ஒரு வருஷம்தானே.

சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

லாம்ப்ரோஸ்

*

நாவுசா, பாரோஸ்
21 ஜூலை 2023

லாம்ப்ரோஸ்,

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. விருந்தினர்கள் மிச்சம் வைக்கும் ரொட்டியே ஒரு குடும்பத்துக்குப் போதும். நேற்று ஒரு ஜெர்மன்காரர், "என்ன படிக்கறே?" என்று கேட்டார். மீன் என்றேன். "நேத்து ராத்திரி நல்லா இருந்துச்சு" என்று தட்டைக் காட்டினார்.

ஒரு வருஷம்தானே என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்காகத்தான் பதில் போடுகிறேன்.

வெரோனாவிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஜூன் முடிவதற்குள் மதிப்பெண் வராததால் என் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விட்டது. ஸ்லோவேனியாவிலிருந்து ஒரு பெண். அடுத்த வருஷம் ஒப்பந்தம் இருக்குமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. கட்டடத்தைப் பூட்டி வைக்கும் துறையோடு எப்படி வேலை செய்வது என்று அவர்கள் கூட்டத்தில் யாரோ கேட்டார்களாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

நீ பேரவை பேரவை என்கிறாய். எனக்கு நினைவிருப்பது அதற்கு முந்தின நாள் நம் சமையலறை. நீ நின்றுகொண்டே முலாம்பழம் தின்றுகொண்டிருந்தாய். நான் கேட்டேன்.

"நாளைக்கு ஓட்டு எப்படிப் போகும்?"

"போற மாதிரி போகும்."

"ஜூன் முப்பதுக்குள்ள மார்க் போகலேன்னா எனக்கு இடம் இல்ல, லாம்ப்ரோஸ்."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? உனக்குன்னு ஒரு சட்டம், ஊருக்குன்னு ஒரு சட்டமா?"

பழத்தோலைக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனாய். மறுநாள் நான் அரங்கத்துக்குள் வந்தபோது நீ மேடையில் நின்று கையை உயர்த்தியிருந்தாய். என்னைப் பார்த்தாய். கையை இறக்கவில்லை.

நீ சட்டத்தின் கடைசிப் பக்கங்களைச் சரியாகத்தான் வாசித்திருப்பாய். எதையும் நீ கவனமாக வாசிப்பவன். எனக்கு இருந்தது ஒரே ஒரு கதவு. ஏழு வருஷமாகப் பட்டம் முடிக்காமல் துறையிலேயே இருந்து நீ எத்தனையோ கதவைப் பூட்டித் திறந்திருக்கிறாய். பூட்டுவது உனக்குப் பழகிவிட்டது.

இனி எழுத வேண்டாம். அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஸ்மரோ

*

அக்ரோலிம்னி
12 அக்டோபர் 2023

ஸ்மரோ,

எழுத வேண்டாம் என்றாய். மூன்று மாதம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் தேர்வுக்கு நீ வந்து உன் தோழி டாஃப்னியின் அறையில் தங்கியதை நான் பார்த்தேன். ஜன்னல் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எழுதினாய். வெளியே வந்ததும் பேசலாம் என்று படிக்கட்டில் நின்றேன். நீ பின்வாசல் வழியாகப் போய்விட்டாய். நம் வீடு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். அம்மா நீ வந்ததை ரொட்டிக்கடையில் கேள்விப்பட்டாள். ரொட்டி வாங்காமலேயே திரும்பி வந்தாள்.

அப்பா கேள்விப்பட்டது பஸ்ஸில். போன ஞாயிறு வேலை முடிந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

"பின்னாடி ரெண்டு பொண்ணுங்க பேசிக்கிட்டு வந்தாங்க. ட்ரைவர் பொண்ணுதான் அதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஸ்மரோவுக்கு இத்தாலியில இடம் கிடைச்சிருந்துச்சா?"

"ஆமாப்பா."

"நீ கெடுத்தியா?"

"நான் மட்டும் இல்ல. ஓட்டு போட்டாங்க."

"ஓட்டு போட்டவங்கள நான் கேக்கல. உன் கை எங்க இருந்துச்சு?"

கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "அவ எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கொண்டுபோய் விட்டிருப்பேனே, வெரோனா வரைக்கும்" என்றார். எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசுகிறார், ஆனால் 'ரொட்டியை எடு', 'கதவைச் சாத்து' என்கிற அளவுக்குத்தான்.

சரி, அதை நான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். பேரவைக்கு வா, வந்து உன் பக்கத்தைப் பேசு என்று உன்னிடம் எத்தனை முறை சொன்னேன்? உன்னைப்போல் நினைத்தவர்கள் உன் வகுப்பில் பாதிப் பேர் இருந்தார்கள். அன்று அரங்கத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. எதிர்த்துப் பேசுகிறவர் யாராவது உண்டா என்று மேடையிலிருந்து இரண்டு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்டுவிட்டுக் காத்திருந்தேன், நீ வருவாய் என்று. நீ வந்தபோது எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஜெயித்தது எவ்வளவு சொற்ப ஓட்டில் என்று உனக்குத் தெரியுமா? ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய ஆட்கள்தான்.

துறை இப்போது எப்படி இருக்கிறது என்றும் சொல்கிறேன். மூன்றாம் வருஷத்து வகுப்பில் ஒரு கைப்பிடி ஆட்கள். மற்றவர்கள் சட்டம் கொடுத்த சலுகையில் தெசலோனிக்கிக்கும் ஏதென்ஸுக்கும் அரை வருஷப் படிப்புக்குப் போய்விட்டார்கள். அறிவிப்புப் பலகையில் அவர்கள் பெயர் ஒட்டியிருக்கிறது. அதில் உன் பெயரும் இருக்கிறது. நீயாகச் சொல்லியிருந்தால் பலகையில் பார்க்க வேண்டி வந்திருக்காது.

லாம்ப்ரோஸ்

*

ஏதென்ஸ், கிப்செலி
9 டிசம்பர் 2023

லாம்ப்ரோஸ்,

உன் கடிதத்தை ஒரு மாதத்துக்கு மேல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதத் தொடங்கி இரண்டு முறை நிறுத்தினேன்.

அப்பாவோடு பேசினேன். போனில் அவர் பஸ் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்துகிற பழக்கத்தை விடவே மாட்டார், வீட்டில் இருந்தாலும். "உன் அண்ணன் இளைச்சுப் போயிட்டான்" என்று கத்தினார். உன்னைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே க்ளியோ அத்தையின் பால்கனியை ஒட்டிய அறையில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் பிடித்த பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். புள்ளியியல் எடுத்தேன், அதோடு கடலோரச் சட்டம் என்று ஒன்று, பழைய நிலவரைபடங்களைப் படிப்பது என்று ஒன்று. மூன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். நம் ஊரில் நான்கு ஆசிரியர்களையும் ஒரே ஏரியையும் வைத்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு தூரம் யோசிக்க முடியுமோ அதைவிட அதிகமாக இங்கே யோசிக்கிறேன். ஆனால் வகுப்பு முடிந்ததும் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமல் எழுந்து போய்விடுகிறோம். ஏரித் தண்ணீர் நவம்பரில் புரளும், அடியில் இருப்பது மேலே வரும் என்று ஒரு நாள் சொன்னேன். பக்கத்தில் இருந்தவன், "ஏரியெல்லாம் நம்ம நாட்டுல எங்க இருக்கு?" என்று கேட்டான்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பேரவை நடந்தபோது நாங்கள் நூலகத்தில் இருந்தோம். பதினொரு பேர். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. உன் குரல்தான். எதிர்த்துப் பேச யாராவது உண்டா என்று நீ கேட்டதும் எனக்குக் கேட்டது. டாஃப்னி, "உங்க அண்ணன் இன்னிக்கு நல்ல மூடுல இருக்கான் போல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த வேலைவெட்டி இல்லாதவர்களின் கூட்டத்துக்குப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கையை எண்ணி முடித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. இப்படித்தான் எப்போதும் நடக்கும், இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் நான் உன்னிடம் சொன்னதை நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. உனக்கு மறந்திருக்காது. 'ஊரு காலியானா உனக்குத்தான்டா நஷ்டம். வேற எங்கயும் உன்னை ஒரு ஆளா மதிக்க மாட்டாங்க' என்றேன். கோபத்தில் வந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பல நாளாக மனதில் இருந்ததுதான் வந்தது. இருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது.

புத்தாண்டுக்கு வரவில்லை. தேர்வு இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். தேர்வு ஜனவரி பதினைந்தாம் தேதிக்குப் பிறகுதான். அதை அவளிடம் சொல்லாதே.

ஸ்மரோ

*

அக்ரோலிம்னி
3 மார்ச் 2024

ஸ்மரோ,

புத்தாண்டு கேக்கில் உனக்கென்று அம்மா ஒரு துண்டு வெட்டி வைத்தாள். அது ஒரு வாரம் அப்படியே இருந்தது. தொடவும் விடவில்லை, எறியவும் விடவில்லை. கடைசியில் அப்பா அதைக் காப்பியில் தோய்த்துத் தின்றுவிட்டு, கல்லாக இருக்கிறது என்றார்.

உன் டிசம்பர் கடிதத்துக்கு உடனே பதில் எழுத நினைத்தேன். வெறும் வார்த்தையாக எழுதக் கூடாது, ஏதாவது செய்துவிட்டு எழுதலாம் என்று வைத்தேன். செய்ததைச் சொல்கிறேன்.

ஜனவரியில் வெரோனாவுக்கு எழுதினேன். உன் விண்ணப்பத்தில் இருந்த பேராசிரியை, பெல்லாவித்தா. கட்டடத்தைப் பூட்டியவர்களில் நான் ஒருவன், அதனால் இடம் இழந்தவள் என் தங்கை, அவள் மேல் தவறில்லை என்று எழுதினேன். என் ஆங்கிலத்தை டாஃப்னி திருத்திக் கொடுத்தாள், நடுநடுவே என்னைத் திட்டிக்கொண்டே. அந்த அம்மாள் பத்து நாளில் பதில் போட்டார். உன்னை நினைவிருக்கிறது என்றார். இலையுதிர்காலத்தில் இடம் தரத் தயார், ஆனால் துறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

துறைத் தலைவி ஸீசியிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார்.

"நீதானே பூட்டுனே?"

"ஆமாம் மேடம்."

"இப்ப திறக்கணுமா?"

"ஆமாம் மேடம்."

"பேரவை மறுபடி பூட்டாதுன்னு எனக்கு யார் உறுதி குடுக்கறது? நீயா?"

அதனால் பிப்ரவரிப் பேரவையில் பேசினேன். போன வருஷம் நின்ற அதே மேடையில் நின்று, வெரோனா ஒப்பந்தத்தை எதிர்க்க வேண்டாம் என்றேன். சட்டத்தை எதிர்ப்போம், ஒரு பெண் படிக்கப் போவதை எதிர்க்க வேண்டாம் என்றேன். நம் பசங்கள் என்னை என்ன சொன்னார்கள் என்று எழுத மாட்டேன். ஏழு வருஷமாக என்னோடு ஒரே தட்டில் தின்ற த்ராசோஸ் முன் வரிசையிலிருந்து எழுந்து, "எவ்வளவுடா குடுத்தாங்க?" என்றான். ஆனாலும் ஓட்டு என் பக்கம் விழுந்தது. இந்த முறை உன் வகுப்பில் மிச்சமிருந்தவர்கள் வந்திருந்தார்கள். டாஃப்னி கூட்டி வந்தாள்.

அன்று வீட்டுக்கு ஓடியே வந்தேன். உனக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். கையெழுத்து ஆகட்டும் என்று வைத்துவிட்டேன்.

கையெழுத்து ஆகவில்லை. போன வாரம் ஸீசி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். அமைச்சகத்திலிருந்து தாள் வந்திருந்தது. வசந்த பருவத்தில் இங்கே உட்கார்ந்து படிப்பவர்களின் எண்ணிக்கை அளவுக்குக் கீழே போய்விட்டது. செப்டம்பர் முதல் நம் துறை தெசலோனிக்கியில் இருப்பதோடு சேர்கிறது. இல்லாமல் போகிற துறை யாரோடும் ஒப்பந்தம் போட முடியாது.

"எத்தனை பேர் குறையுது மேடம்?"

"நாலு."

"வெளிய படிக்கப் போனவங்களச் சேத்தா?"

"சேத்துக்க விடல. அவங்க இப்ப அந்த ஊர்க் கணக்காம்."

"திரும்பி வருவாங்கல்ல?"

"எங்க வருவாங்க?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

ஸ்மரோ, இதை உனக்கு எழுதலாமா என்று பல தடவை யோசித்தேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ போயிருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. போக வைத்ததே நான்தான். மறைத்தால் வேறு யாரோ சொல்லுவார்கள், பஸ்ஸில் அப்பாவுக்குச் சொன்ன மாதிரி. அதனால்தான்.

லாம்ப்ரோஸ்

*

ஏதென்ஸ்
28 மார்ச் 2024

லாம்ப்ரோஸ்,

உன் கடிதம் வந்த மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். இங்கே நீட்டித்துக்கொண்ட இரண்டாம் அரை வருஷத்தை ரத்து செய்துவிட்டு அக்ரோலிம்னிக்கே திரும்பிவிடுகிறேன் என்றேன். அங்கே இருந்த பெண் நல்லவள். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். "தேதி முடிஞ்சிருச்சே கண்ணு" என்றாள். "தேதிக்குள்ள வந்திருந்தா ஒரு கையெழுத்துதான்." கடைசித் தேதி பிப்ரவரி நடுவில் இருந்திருக்கிறது. நீ மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்த அந்த வாரம்.

வெளியே போன மற்றவர்களுக்கும் போன் செய்தேன். நம் பக்கமிருந்து இங்கே வந்திருக்கும் மானோஸ், "அந்த ஊருக்கா? பனியிலயா?" என்று சிரித்தான். பெலாயியா அழுதாள். அவள் அம்மா நம் ஊரில் நான்கு அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவள், உனக்குத் தெரியும். சட்டம் தருகிற நல்ல வாய்ப்பு என்று சொல்லி, சொந்த மகளையும் அந்த அம்மாவேதான் அனுப்பி வைத்தாளாம்.

நான் இங்கே வந்தது உன் மேல் கோபத்தில். படிக்கத்தான் வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், எனக்கே சொல்லிக்கொண்டேன். ஜூலையில் அந்தப் படிவத்தைப் பாரோஸில் சாப்பாட்டு மேசை துடைத்த கையோடு நிரப்பினேன். உன்னைப் போல் நானும் கடைசிப் பக்கங்களை வாசித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா? தெரியவில்லை. ஒருவேளை போட்டிருப்பேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வெரோனாவுக்கு நீ எழுதியதற்கு நன்றி என்று எழுதினேன், அடித்துவிட்டேன். நன்றி என்றால் சின்ன வார்த்தையாக இருக்கிறது. ஈஸ்டருக்கு வருகிறேன். நேரில் பேசுவோம்.

ஸ்மரோ

*

வெரோனா
19 அக்டோபர் 2024

லாம்ப்ரோஸ்,

ஈஸ்டரில் நேரில் பேசுவோம் என்றேன். நான்கு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். ஆட்டுக்கறியைப் பற்றிப் பேசினோம், அப்பாவின் முழங்காலைப் பற்றிப் பேசினோம். ஈஸ்டர் வழக்கப்படி சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோதியபோது, உடையாமல் நின்ற உன் முட்டை ஜெயித்தது. அம்மா நம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ பாத்திரம் கழுவினாய், நான் துடைத்து அடுக்கினேன். அப்போது பேசியிருக்கலாம். நீ குழாயை நிறுத்துவாய் என்று காத்திருந்தேன். நீ நிறுத்தவில்லை. காகிதத்தில் வருவது நமக்கு வாயில் வருவதில்லை போலிருக்கிறது.

கடைசியில் வந்து சேர்ந்துவிட்டேன். தெசலோனிக்கித் துறையின் மாணவியாக, அரை வருஷத்துக்கு மட்டும். இரண்டு ஊர்ப் பட்டமும் சேர்ந்த படிப்பு இல்லை, வந்து போகும் விருந்தாளி மாதிரி. ஸ்லோவேனியாக்காரி முடித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் இருந்த அறையில் அவள் ஒட்டிய தாள்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

பெல்லாவித்தா குள்ளமான, வேகமாக நடக்கிற அம்மாள். முதல் நாளே உன்னைப் பற்றிக் கேட்டார். "அந்த அண்ணன் எப்படி இருக்கார்?" நன்றாக இருக்கிறார் என்றேன். பிறகு ஒரு பெரிய திட்டத்தைத் திரையில் காட்டினார். இரண்டு ஏரிகள். அவர்களுடையது, நம்முடையது. இரண்டிலும் ஒரே மாதத்தில் ஒரே மாதிரித் தண்ணீரும் மீனும் எடுத்துப் பார்ப்பது. ஒப்பந்தம் அதற்காகத்தான் போட்டிருந்தார்கள், லாம்ப்ரோஸ். இங்கேயிருந்து நம் ஊருக்கு வருஷம் ஆறு பேர் வந்து தங்குவதாக இருந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க. அவர்களை நம் துறைக் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள் என்றார். அதை நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நூலகத்தில் இருந்திருப்பேன், நீ மேடையில் இருந்திருப்பாய்.

அந்தத் திட்ட அட்டவணையில் அவர்கள் ஏரிக்கு எல்லா மாதத்துக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. நம் ஏரியின் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவற்றை இனி நிரப்ப வழி உண்டா என்று பெல்லாவித்தாவிடம் கேட்டுவிட்டேன். துறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாதம் ஒரு முறை நம் ஏரியிலிருந்து யாராவது தண்ணீர் எடுத்து அனுப்பினால் போதும் என்றார். நீ படித்தவன், எப்படி எடுப்பது என்று உனக்குத் தெரியும். நான் வரும் வரை நீ எடுக்கிறாயா? பிப்ரவரியில் வந்துவிடுவேன். அதன் பிறகு சேர்ந்து செய்யலாம். சேர்ந்து செய்யலாம் என்று உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை.

நீ தேர்வு எழுதினாய் என்று அம்மா சொன்னாள். என்ன ஆயிற்று?

ஸ்மரோ

*

தெசலோனிக்கி
7 நவம்பர் 2024

ஸ்மரோ,

தேர்வில் தேறிவிட்டேன். துறையை மூடும்போது பழைய ஆட்களுக்குக் கடைசியாக ஒரு தவணை கொடுத்தார்கள். பாக்கி இருந்த நான்கிலும் ஐந்து ஐந்து மதிப்பெண். ஐந்துதான் தேறுவதற்குக் குறைந்தது, அதற்கு மேல் ஒன்றுகூட யாரும் போடவில்லை. பட்டம் கொடுத்த அன்று அரங்கத்தில் நாங்கள் மூன்று பேர்தான். ஸீசி மேடம் பேசுவதற்குத் தாள் எழுதி வந்திருந்தார். முதல் பக்கத்தோடு நிறுத்தி மடித்து வைத்துக்கொண்டார். அம்மா எல்லோருக்கும் சீஸ் வைத்துத் தீரோபீட்டா சுட்டுக் கொண்டுவந்தாள். பாதிக்கு மேல் மிச்சமாகிவிட்டது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குள் நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் நண்பன் அகிஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் வேலை செய்யும் கிடங்கில் ஓர் ஆள் வேண்டுமாம். உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். தீர்மானம் ஆனதும் எழுதலாம் என்று வைத்திருந்தேன். எப்போதும் இப்படித்தான் நான் வைத்துவிடுகிறேன். இரண்டு வாரம் முன்னால் நீ கேட்டிருந்தால் இருந்திருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன், சமாதானத்துக்குச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை படகு எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது, நீ ஏதென்ஸ்காரனிடம் சொன்னாயே அப்படி. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று ஆழத்தில் எடுத்தேன். கை விறைத்துப்போய் ஒரு புட்டியை ஏரியிலேயே விட்டுவிட்டு மறுபடி எடுத்தேன். மணி, ஆழம், சூடு எல்லாம் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மா ஃப்ரிட்ஜில் கத்தரிக்காயை நகர்த்தி இடம் கொடுத்தாள். இன்று பார்சலில் போட்டாயிற்று. நவம்பருக்கு மட்டும் உன் கட்டம் நிரம்பும். டிசம்பருக்கு யாரும் இல்லை. டாஃப்னியைக் கேட்டேன், அவளும் தெசலோனிக்கிக்கு வந்துவிட்டாள். அப்பா நான் எடுக்கிறேன் என்றார். அந்த முழங்காலோடு படகில் ஏறக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நீ பிப்ரவரியில் வரும்போது நான் இருக்க மாட்டேன். உன் அறையில் என் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன, நகர்த்தி வைத்துக்கொள்.

இங்கே விமான நிலைய பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். காலையில் அப்பாவின் பஸ்ஸில்தான் வந்தேன். என்னையும் சேர்த்து ஆறு பேர். ஒருவரும் மாணவர் இல்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கவே இல்லை, வழி முழுக்க ரோட்டையே பார்த்து ஓட்டினார். வேரியா தாண்டியதும் மட்டும், "அங்க குளிரும். உள்ள பனியன் போட்டுக்க" என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டு கத்தினார். முன்னிருக்கையில் இருந்த கிழவர் தன்னிடம் சொல்கிறார் என்று நினைத்து, "போட்டிருக்கேன்" என்றார்.

கிளம்புவதற்கு முன்னால் நம் ஊர் நிலையத்தில் டிக்கெட் எடுக்கப் போனேன். கூண்டுக்குள் வூலா. என்னைப் பார்த்ததும் பேசாமலேயே மாணவர் டிக்கெட்டைக் கிழிக்கப் போனாள்.

"அது வேணாம் வூலா," என்றேன். "முழு டிக்கெட் குடு."

அவள் என் பெட்டியைப் பார்த்தாள். "திரும்பி வர்றதுக்கும் சேத்துப் போடவா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

லாம்ப்ரோஸ்